எதைப் பார்த்து வரைந்தீர்கள்? முதல் அக்ரிலிக் கண்காட்சிக்குத் தயாராகிறவர்களுக்கு

வேலைக்குப் போய்க்கொண்டே வார இறுதிகளில் அக்ரிலிக் வரைகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். வீட்டில் கேன்வாஸ்கள் சேர்ந்துவிட்டன, அவற்றை ஒரு நல்ல சுவரில் மாட்டி நாலு பேருக்குக் காட்ட வேண்டும் என்ற ஆசையும் வந்துவிட்டது என்றால் இது உங்களுக்குப் பயன்படும். சென்னையில் என் முதல் கண்காட்சிக்காக அலைந்தபோது என்னை அதிகம் திணறவைத்தவை வாடகையும் ஃபிரேமும் அல்ல. விண்ணப்பத்தில் இருந்த இரண்டு கேள்விகள்தான். இந்த ஓவியங்களுக்குத் தூண்டுதல் எது? பார்த்து வரைந்த புகைப்படங்கள் யாருடையவை?

வரையும் நாளிலேயே எழுதி வைத்தால் இந்தக் கேள்விகளுக்குப் பத்து நிமிடத்தில் பதில் சொல்லிவிடலாம். படங்கள் எல்லாம் முடிந்தபின் நினைவைத் தோண்டி எழுத உட்கார்ந்தால் வாரக்கணக்கில் இழுக்கும். அதனால் இந்த வழிகாட்டியில் பாதி, தூண்டுதலை எப்படிப் பதிவு செய்வது என்பதைப் பற்றியது. சென்னையை வைத்துச் சொல்கிறேன். வேறு ஊரென்றால் இடமும் செலவும் மாறும், வேலைகளின் வரிசை மாறாது.

1. ஒவ்வொரு படத்துக்கும் மூலம் எது என்று பிரியுங்கள்

எல்லாப் படங்களையும் சுவரோரம் சாய்த்து வையுங்கள். ஒவ்வொன்றையும் நான்கு வகைகளில் ஒன்றில் சேருங்கள்: நேரில் பார்த்தோ நினைவிலிருந்தோ வரைந்தது, நீங்களே எடுத்த புகைப்படத்திலிருந்து வரைந்தது, அடுத்தவர் எடுத்த புகைப்படத்திலிருந்து வரைந்தது, இன்னொரு கலைப்படைப்பைப் பார்த்து வரைந்தது. வகையையும் தேதியையும் பின்புற மரச்சட்டத்தில் பென்சிலால் எழுதுங்கள். கேன்வாஸ் துணியின் மேல் எழுத வேண்டாம், அழுத்தம் முன்பக்கம் தெரியும்.

முதல் இரண்டு வகைகளில் சிக்கல் குறைவு. மூன்றாவதையும் நான்காவதையும் தனியாக எடுத்து வையுங்கள். அவற்றில் சில கண்காட்சிக்கு வர முடியாமல் போகலாம். ஏன் என்பது மூன்றாம் படியில் வருகிறது.

2. பார்த்த இடத்திலேயே குறிப்பெடுங்கள்

தடித்த தாள் உள்ள ஒரு சிறு நோட்டு போதும். ஒரு காட்சி உங்களை நிறுத்தினால் ஐந்து விஷயங்களை எழுதுங்கள்: இடம், தேதி, மணி, வெளிச்சம் வந்த திசை, உங்களை நிறுத்தியது எது. ஐந்தாவதுதான் உயிர். ‘படகுகள் அழகாக இருந்தன’ என்று எழுதினால் ஆறு மாதம் கழித்து அந்த வரி உங்களுக்கே எதையும் சொல்லாது.

என் ஓவியங்களில் ஒரு வரிசை சென்னையின் மீன்பிடித் துறைமுகமான காசிமேட்டிலிருந்து வந்தது. கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கடலுக்குப் போகாத அந்த நாட்களில்தான் பழுதுபார்ப்பும் வண்ணப்பூச்சும் நடக்கும். பழைய பூச்சைச் சுரண்டும்போது ஒரே பலகையில் நீலம், அதன் அடியில் பச்சை, அதற்கும் அடியில் செங்காவி என்று பல வருடத்துப் பூச்சுகள் ஒன்றாகத் தெரியும். என் நோட்டில் அன்று எழுதிய வரி இது: ‘மேலே இருப்பதைவிடச் சுரண்டிய விளிம்புதான் அழகு.’ படத்தின் பொருள் மட்டுமல்ல, அதை வரையும் முறையும் அந்த ஒரே வரியில் இருந்தது. வண்ணத்தை அடுக்கடுக்காகப் பூசிக் காயவிட்டு, ஈரமான உப்புத்தாளால் தேய்த்து அடியில் இருப்பதை வெளியே கொண்டுவந்தேன். அக்ரிலிக் ஒருமுறை காய்ந்துவிட்டால் தண்ணீரில் கரையாது என்பதால் இந்த முறை அதற்கு இயல்பாகப் பொருந்துகிறது.

வண்ணங்களைச் சொல்லாக மட்டும் எழுதாமல், அங்கேயே சிறு சதுரங்களாகப் பூசி வையுங்கள். செல்பேசிப் படத்தை வண்ணத்துக்காக நம்ப வேண்டாம். கருவி தானாகவே நிறத்தைச் சரிசெய்துவிடும். காலை ஆறரை மணியின் மஞ்சள் வெளிச்சம் படத்தில் வெள்ளையாகிவிடும். கூடவே ஒன்றை நினைவில் வையுங்கள். அக்ரிலிக் காயும்போது ஒரு படி கருக்கும். ஈரத்தில் பால்போல வெளுத்திருக்கும் பிணைப்புப் பொருள் காய்ந்தபின் தெளிந்துவிடுவதே காரணம். ஆகவே காய்ந்த சதுரத்தோடுதான் ஒப்பிட வேண்டும். பக்கத்தில் எந்த ட்யூப், எவ்வளவு வெள்ளை என்றும் எழுதுங்கள். ‘நீலம்’ என்று எழுதினால் போதாது. ‘அல்ட்ராமரின் இரண்டு பங்கு, வெள்ளை ஒரு பங்கு’ என்று எழுதினால் வீட்டில் மறுபடி கலக்க முடியும்.

காலத்தையும் கணக்கில் எடுங்கள். மார்கழிக் கோலம் வேண்டுமென்றால் மயிலாப்பூர்த் தெருக்களுக்கு விடிவதற்கு முன் போக வேண்டும், ஏழு மணிக்கெல்லாம் வண்டிச் சக்கரங்கள் ஏறிவிடும். பள்ளிக்கரணைச் சதுப்புநிலப் பறவைகளுக்குக் குளிர்கால மாதங்கள். காசிமேட்டுக்கு மே மாதம். ஒரு பருவம் தவறினால் அடுத்த வருடம்தான் என்பதால், இந்த வருடம் எந்தத் தொடரை வரைகிறீர்கள் என்று தையிலேயே முடிவு செய்வது நல்லது.

3. அனுமதி: யாரிடம், எதற்கு

பெரும்பாலான புதியவர்கள் தாண்டிக் குதித்துவிடும் படி இது. தயவுசெய்து தாண்டாதீர்கள்.

அடுத்தவர் எடுத்த புகைப்படம்: இணையத்தில் கிடைத்தது என்பதால் அது பொதுச்சொத்து ஆகிவிடாது. 1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் புகைப்படத்துக்கும் பாதுகாப்பு தருகிறது. பழகுவதற்காக வீட்டில் வரைந்து பார்ப்பது ஒன்று. காட்சிக்கு வைத்து விலை போடுவது வேறு. எடுத்தவருக்கு எழுதிக் கேளுங்கள், சம்மதம் எழுத்தில் வரட்டும். இலவசமாகப் பயன்படுத்தலாம் என்று உரிமம் தரும் தளங்களிலிருந்து எடுத்தால், உரிமம் சொல்லும் பக்கத்தை அன்றைக்கே படமெடுத்துச் சேமியுங்கள். பின்னால் அந்தப் பக்கம் மாறக்கூடும்.

பழைய ஓவியங்கள்: ஓவியர் இறந்த வருடத்துக்கு அடுத்த வருடத் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள் வரை பதிப்புரிமை இருக்கும். 1906இல் மறைந்த ரவி வர்மாவின் ஓவியங்களுக்கு அந்தத் தடை இல்லை. 1977இல் மறைந்த கே.சி.எஸ். பணிக்கரின் படைப்புகளுக்கு 2037 முடியும்வரை உண்டு. சித்தன்னவாசல் கூரையில் இருக்கும் தாமரைக் குளத்திலிருந்து ஒரு மீனையோ ஒரு மலரையோ எடுத்து உங்கள் படத்தில் வளர்த்தெடுத்தால் யாரும் கேட்க மாட்டார்கள். ஆனாலும் கண்காட்சியில் வைக்கும் குறிப்பில் மூலத்தைச் சொல்லிவிடுங்கள். பார்க்கிறவர்களுக்கு அது மரியாதை.

கட்டடங்கள், சிலைகள், சுவரோவியங்கள்: கட்டடத்தை ஓவியமாக வரைவதற்குச் சட்டத்தின் 52ஆம் பிரிவு இடம் தருகிறது. பொது இடத்தில் நிரந்தரமாக இருக்கும் சிலைகளுக்கும் அப்படியே. ஆனால் அந்த விலக்கில் சுவரோவியம் சேரவில்லை. கண்ணகி நகர்க் குடியிருப்புச் சுவர்களில் இருக்கும் பெரிய ஓவியங்களைப் பார்த்து மனம் துள்ளலாம். தெருவின் காட்சியில் அது பின்னணியாக வருவது வேறு, அந்த ஓவியத்தையே உங்கள் கேன்வாஸில் மறுபடி வரைவது வேறு. இரண்டாவதற்கு அதை வரைந்தவரின் சம்மதம் வேண்டும்.

கோயில்கள்: 2022 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, தமிழகக் கோயில்களுக்குள் செல்பேசிக்குத் தடை விதிக்கும்படி உத்தரவிட்டது. எனவே உள்ளே படமெடுக்கலாம் என்று திட்டமிட்டுப் போகாதீர்கள். கோபுரத்தையும் தெப்பக்குளத்தையும் வெளியே நின்று வரையலாம். உள்ளே பென்சிலும் நோட்டும் எடுத்துப்போகும் முன் அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேளுங்கள். பெரும்பாலும் தலையசைத்துவிடுவார்கள். மாமல்லபுரத்தில் கடற்கரைக் கோயிலுக்கும் ஐந்து ரதங்களுக்கும் சேர்த்து இந்தியர்களுக்கு 40 ரூபாய் டிக்கெட். முக்காலி ஸ்டாண்ட் வைத்துப் படமெடுக்கத் தொல்லியல் துறையின் முன் அனுமதி தேவை. மடியில் நோட்டை வைத்து வரைவதற்கு அந்தத் தொல்லை இல்லை. அர்ச்சுனன் தபசைச் சாலையோரமே நின்று வரையலாம்.

மனிதர்கள்: முகம் அடையாளம் தெரியும்படி ஒருவரை வரைவதாக இருந்தால் கேட்டுவிட்டு வரையுங்கள். மீன் விற்கும் அக்காவிடம் ‘உங்களை வரையட்டுமா, கண்காட்சியில் வைப்பேன்’ என்று நேராகச் சொல்லுங்கள். வேண்டாம் என்றால் அதோடு விடுங்கள். சரி என்றால் பெயரையும் எண்ணையும் வாங்கிக்கொண்டு, கண்காட்சிக்கு அழையுங்கள்.

4. பொருளும் செலவும்

தொடக்கத்துக்குப் பன்னிரண்டு வண்ணப் பெட்டி தேவையில்லை. வெள்ளை, இரண்டு நீலம், இரண்டு மஞ்சள், இரண்டு சிவப்பு, ஒரு செங்காவி இருந்தால் மற்றதைக் கலக்கலாம். வெள்ளை மட்டும் இரு மடங்கு பெரியதாக வாங்குங்கள். மாணவர் தரத்துக்கும் ஓவியர் தரத்துக்கும் விலை மூன்று நான்கு மடங்கு வேறுபடும், நிறமியின் அடர்த்தியில்தான் அந்த வேறுபாடு. விற்கப்போகும் படத்துக்கு வெள்ளையும் சிவப்பும் மட்டுமாவது உயர்ந்த தரத்தில் இருக்கட்டும். ட்யூபின் பின்னால் நிறமியின் குறியெண்ணும் ஒளி தாங்கும் அளவும் அச்சிட்டிருக்கும். ஒளி தாங்கும் அளவு எழுதாத வண்ணத்தைக் கண்காட்சிப் படத்தில் பயன்படுத்தாதீர்கள். அடர் இளஞ்சிவப்புகள் முதலில் வெளுக்கும்.

18க்கு 24 அங்குலக் கேன்வாஸ், சட்டத்தோடு, தரத்தைப் பொறுத்து ஏறத்தாழ 400 முதல் 700 ரூபாய். அதே அளவுக்கு ஃபிரேம் ஆயிரத்தைத் தாண்டும். பாரிமுனைப் பக்கம் தேவராஜ முதலி தெருவில் கண்ணாடி, படச்சட்டக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. பத்துப் படங்களை ஒன்றாகக் கொடுத்தால் விலை பேச முடியும். எல்லாவற்றையும் ஒரே அளவில் வரைந்தால் இந்தச் செலவு கணிசமாகக் குறையும். அக்ரிலிக் படத்துக்கு வார்னிஷ் போட்டுவிட்டால் கண்ணாடி தேவையில்லை என்பதையும் கடையில் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

வெயிலில் வெளியே வரைகிறவர்களுக்கு ஒரு யோசனை. மே மாதத்தில் தட்டில் பிழிந்த வண்ணம் கண்ணெதிரே தோல் கட்டும். மூடியுள்ள தட்டையான டப்பாவில் நனைத்த டிஷ்யூவை விரித்து, அதன் மேல் பட்டர் பேப்பர் வைத்து, அதில் வண்ணத்தைப் பிழியுங்கள். மூடி வைத்தால் மறுநாளும் ஈரமாக இருக்கும்.

5. நாட்களைப் பின்னோக்கி எண்ணுங்கள்

மெல்லிய பூச்சு அரை மணிக்குள் தொடுவதற்குக் காய்ந்துவிடும் என்பதால் அக்ரிலிக் அவசரத்துக்கு உதவும் என்று நினைப்பது பெரிய பொறி. மேல்தோல்தான் காய்கிறது. கத்தியால் தடிமனாகப் பூசியது உள்ளே காய வாரங்கள் ஆகும். அதற்குமுன் வார்னிஷ் அடித்தால் மங்கலாகிவிடும். மெல்லிய படத்துக்கு ஒரு வாரமும், தடித்த படத்துக்கு ஒரு மாதமும் விட்டுவிட்டு வார்னிஷ் அடியுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் இதற்கும் மேலே தள்ளிப்போகும். அந்த மாதங்களில் சுவரோடு ஒட்டி அடுக்கி வைத்தால் கேன்வாஸின் முதுகில் பூஞ்சை பிடிக்கும்.

கண்காட்சி நாளிலிருந்து பின்னால் எண்ணினால் என் கணக்கு இப்படி வருகிறது: ஃபிரேமுக்கு இரண்டு வாரம், அதற்குமுன் வார்னிஷும் படமெடுப்பும் ஒரு வாரம், அதற்குமுன் காய ஒரு மாதம். ஆகவே கடைசித் தூரிகை இரண்டு மாதம் முன்பே நிற்க வேண்டும். இடம் பிடிப்பதற்கு ஆறு மாதம் முன்பே கேளுங்கள். டிசம்பர், ஜனவரி மாதங்கள் மிகவும் கடினம், கோடையில் எளிதாகக் கிடைக்கும்.

6. ஓவியர் குறிப்பு எழுதுவது

இந்தப் படங்கள் எதிலிருந்து, எப்படி வந்தன என்று நீங்களே எழுதிக் கொடுப்பதுதான் ஓவியர் குறிப்பு. பெரும்பாலான இடங்களில் 150 முதல் 300 சொற்களுக்குள் கேட்பார்கள். இங்கேதான் எல்லோரும் ஒரே மாதிரி எழுதுகிறோம்: சிறு வயது முதலே ஓவியத்தில் ஆர்வம், இயற்கையே என் ஆசிரியர், வண்ணங்கள் என் உணர்வுகளின் மொழி. இந்த வரிகளை யாருடைய படத்தின் பக்கத்திலும் ஒட்டலாம். படத்தைத் தேர்வு செய்கிறவர் அவற்றை ஏற்கெனவே நூறு முறை படித்திருப்பார்.

நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு மூன்று கேள்விகளுக்கு மட்டும் பதில் எழுதுங்கள். எதைப் பார்த்தேன்? அதில் எது என்னை விடவில்லை? அதற்காக வண்ணத்தை என்ன செய்தேன்? மூன்றாவதை எழுதாமல் விட்டால் அது பயணக் குறிப்பாகிவிடும். முதலாவதை விட்டால் வெறும் தொழில்நுட்பக் குறிப்பாகிவிடும்.

நான் கொடுத்த குறிப்பின் ஒரு பகுதி: ‘தடைக்காலத்தில் கரையில் நிற்கும் விசைப்படகுகளின் பழைய வண்ணத்தைச் சுரண்டி எடுக்கிறார்கள். ஒவ்வொரு அடுக்கும் ஒரு வருடத்து உழைப்பு. இந்தப் படங்களில் படகின் முழு உருவம் எங்கும் இல்லை. பலகையின் ஒரு கையகலம் மட்டுமே இருக்கிறது. அதே வரிசையில் பூசி, அதே வரிசையில் தேய்த்திருக்கிறேன்.’ இலக்கிய நயம் வேண்டும் என்று முயற்சி செய்யவில்லை. ஆனால் கண்காட்சியில் மக்கள் இதைப் படித்துவிட்டுத் திரும்பவும் படத்தின் அருகில் போய் விளிம்புகளைப் பார்த்தார்கள். குறிப்பு செய்ய வேண்டிய வேலை அதுதான்.

மற்ற ஓவியர்களின் தாக்கம் இருந்தால் மறைக்க வேண்டாம். யாருடைய எந்த முறையை எடுத்துக்கொண்டீர்கள் என்று ஒரு வரியில் சொல்லுங்கள். புதியவர் அப்படிச் சொன்னால் யாரும் குறைவாக மதிப்பிடுவதில்லை. தமிழிலும் ஆங்கிலத்திலும் தனித்தனியாக எழுதுங்கள். ஒன்றை மற்றொன்றாக வரிக்கு வரி மாற்றினால் இரண்டுமே விறைத்துப்போகும். உரக்கப் படித்துக் காட்ட ஒருவரைத் தேடுங்கள், அவர் ஓவியம் தெரியாதவராக இருந்தால் இன்னும் நல்லது.

7. இடமும் விண்ணப்பமும்

சென்னையில் முதலில் போய்ப் பார்க்க வேண்டியவை: கிரீம்ஸ் சாலையில் லலித் கலா அகாதெமியின் மண்டல மையம், ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டல் ஓவியர் கிராமம், முட்டுக்காட்டில் தட்சிணசித்ரா, எல்டாம்ஸ் சாலையில் சி.பி. கலை மையம். விண்ணப்பிக்கும் முன் ஒவ்வொன்றிலும் ஒரு கண்காட்சியைப் பார்வையாளராகப் பாருங்கள். சுவரின் நீளத்தை அளந்துகொள்ளுங்கள். இரண்டடி அகலப் படத்துக்கு இடைவெளியோடு மூன்றரை அடி தேவைப்படும்.

தயாராக வைத்திருக்க வேண்டியவை: அடையாளச் சான்று, பான் அட்டை நகல், ஒரு பக்கத் தன்விவரக் குறிப்பு, ஓவியர் குறிப்பு, படங்களின் பட்டியல், தெளிவான புகைப்படங்கள், வைப்புத்தொகை திரும்ப வருவதற்கான வங்கிக் கணக்கு விவரம். பட்டியலில் தலைப்பு, ஊடகம், அளவு, வருடம், விலை என்ற வரிசை. அளவில் உயரம் முதலில், அகலம் அடுத்து. இதைப் பலர் மாற்றி எழுதிவிட, படம் சுவரில் வேறு இடத்துக்குப் போய்விடுகிறது.

புகைப்படத்தைக் காலை எட்டு, ஒன்பது மணிக்கு நிழலில் எடுங்கள். ஃபிளாஷ் வேண்டாம். வார்னிஷ் அடிப்பதற்கு முன்பே எடுத்தால் பளபளப்பு குறுக்கே வராது.

கேட்காமல் விட்டால் செலவாக வந்து நிற்கும் கேள்விகள்: வாடகையோடு 18 விழுக்காடு ஜிஎஸ்டி தனியா? மாட்டும் நாளுக்கும் வாடகை உண்டா? விற்றால் கமிஷன் எத்தனை விழுக்காடு? ஆணி அடிக்கலாமா, கம்பியில்தான் தொங்கவிட வேண்டுமா? தேதி மாறினால் முன்பணம் திரும்புமா? பதில்கள் எழுத்தில் வரட்டும். தனியாக வாடகை கட்ட முடியாவிட்டால் மூன்று நான்கு பேர் சேர்ந்து நடத்துங்கள். பணத்தை யார் கட்டுவது, சுவரை எப்படிப் பிரிப்பது என்பதை முதல் நாளே எழுதிக் கையெழுத்திட்டுக்கொண்டால் நட்பு நிலைக்கும்.

8. விலை, ரசீது, உரிமை

பொருள், ஃபிரேம், வாடகையில் அந்தப் படத்தின் பங்கு, கமிஷன் ஆகியவற்றைக் கூட்டிவிட்டு அதன் மேல் உங்கள் உழைப்பை வையுங்கள். உறவினருக்கு ஒரு விலை, அந்நியருக்கு ஒரு விலை வேண்டாம். ரசீதோடு தலைப்பு, அளவு, வருடம், உங்கள் கையெழுத்து உள்ள ஒரு சான்றுக் கடிதமும் கொடுங்கள்.

படத்தை விற்றாலும் பதிப்புரிமை எழுதிக் கொடுக்காதவரை உங்களிடமே இருக்கும். ஆனால் ஒருவர் பணம் கொடுத்துக் கேட்டு வரையச் சொன்ன படத்துக்கு நிலைமை தலைகீழ். வேறு ஒப்பந்தம் இல்லையென்றால் சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி வரையச் சொன்னவரே முதல் உரிமையாளர். எனவே உரிமை என்னுடையது என்ற ஒரு வரியை முன்பணம் வாங்கும்போதே எழுதிக்கொள்ளுங்கள். பதிப்புரிமையைப் பதிவு செய்வது கட்டாயமில்லை. வேண்டுமென்றால் ஒரு படத்துக்கு 500 ரூபாய் கட்டணம், எதிர்ப்புகளுக்காக 30 நாள் காத்திருப்பும் உண்டு. ஜிஎஸ்டி பதிவு தேவையா என்பதை, குறிப்பாக வெளிமாநிலத்துக்கு அனுப்புவதாக இருந்தால், ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

9. ஏற்றுவதும் இறக்குவதும்

சென்னை வெயிலில் அக்ரிலிக் இளகும். இரண்டு படங்களை முகத்தோடு முகம் சேர்த்து அடுக்கினால் ஒட்டிக்கொள்ளும். குமிழ்ப் பாலித்தீனை நேராகச் சுற்றினால் வட்ட வட்டமாகத் தடம் விழும், அது போகாது. முதலில் சிலிக்கோன் பூசிய பட்டர் பேப்பர், அதன் மேல் அட்டை, அதற்கும் மேல்தான் குமிழ்ப் பாலித்தீன். சிறு சரக்கு வண்டியைக் காலை எட்டு மணிக்கு முன் பேசுங்கள், மதியத்தில் மூடிய வண்டிக்குள் சூடு தாங்காது.

படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து சுமார் 57 அங்குல உயரத்தில் வரும்படி மாட்டுங்கள். நூல்மட்டம், கூடுதல் கொக்கி, சுவர் வண்ணத்தில் ஒரு சிறு டப்பா பெயின்ட் ஆகியவை பையில் இருக்கட்டும். இறக்கும் நாளில் ஆணித் துளைகளை அடைத்துப் பூசிவிட்டு, பொறுப்பாளரைச் சுவரைப் பார்க்கச் சொல்லி, வைப்புத்தொகைப் படிவத்தில் அங்கேயே கையெழுத்து வாங்குங்கள். படம் வாங்கியவரிடம் ஒப்படைக்கும்போது ஈரத்துணியால் துடைக்க வேண்டாம், உலர்ந்த மென்தூரிகையால் தூசி தட்டினால் போதும் என்பதைச் சான்றுக் கடிதத்தின் பின்பக்கம் எழுதிக் கொடுங்கள்.